குழந்தையோடு வெளிநாடு போவதா? பெங்களூரிலேயே போட்டுப் பார்க்க வேண்டிய கணக்கு

கனடாவா ஜெர்மனியா என்று பேச ஆரம்பிப்பதற்கு முன்னால் ஒரு தாளில் நான்கு வயதுகளை எழுதுங்கள்: கணவன், மனைவி, மூத்த குழந்தை, ஊரில் இருக்கும் பெற்றோரில் மூத்தவர். சம்பளத்தைவிட இந்த நான்கு எண்கள்தான் போவதா வேண்டாமா, எங்கே போவது என்பதைத் தீர்மானிக்கின்றன.

உங்கள் இருவர் வயதிலிருந்து தொடங்குவோம். நிரந்தரமாகத் தங்கும் அனுமதிக்குப் புள்ளி போட்டு ஆளைத் தேர்ந்தெடுக்கும் கனடாவின் எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் துணையோடு விண்ணப்பிப்பவருக்கு 29 வயது வரை வயதுக்கு 100 புள்ளி. 30 முதல் 40 வரை ஒவ்வொரு பிறந்தநாளும் 5 புள்ளியைக் கொண்டுபோகும். அதற்குமேல் சரிவு இன்னும் வேகம், 45-ல் பூஜ்யம். ஆஸ்திரேலியாவில் 25–32 வயதுக்கு 30, 33–39-க்கு 25, 40–44-க்கு 15. அதனால் முதன்மை விண்ணப்பதாரர் கணவர்தான் என்று வைத்துக்கொள்ளாதீர்கள். கணவருக்கு 36, மனைவிக்கு 32 என்றால் கனடாக் கணக்கில் வயதில் மட்டும் 20 புள்ளி வித்தியாசம். இரண்டு விதமாகவும் போட்டுப் பாருங்கள். ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வில், நல்ல புள்ளி கிடைக்கும் 'சிஎல்பி 9' (கனடாவின் மொழித்திறன் அளவுகோல்) நிலைக்கு லிசனிங்கில் 8, மற்ற மூன்றிலும் 7 வேண்டும். லிசனிங்கில் அரை மதிப்பெண் குறைந்தாலும் நிலை இறங்கிவிடும்.

அடுத்தது குழந்தையின் வயது. ஐந்து வயதுக்குள் போகும் குழந்தைக்கு எந்த மொழியும் பெரிய தடையில்லை. எட்டு, ஒன்பது வயது என்றால் நாட்டுக்கு நாடு கதை மாறும். ஜெர்மனியின் பெரும்பாலான மாநிலங்களில் நான்காம் வகுப்போடு, அதாவது பத்து வயதுவாக்கில், பிள்ளைகளை வெவ்வேறு வகைப் பள்ளிகளுக்குப் பிரித்துவிடுகிறார்கள். ஜெர்மன் தெரியாமல் ஒன்பது வயதில் போய் இறங்கும் பிள்ளைக்கு ஒரே வருட அவகாசம்தான். பெர்லினில் ஆறாம் வகுப்பு வரை நேரம் உண்டு. இந்த வயதில் பிள்ளை இருந்தால் பெர்லின் வேலையா ம்யூனிக் வேலையா என்பதில் சம்பளத்தோடு இதையும் சேர்த்து எடைபோட வேண்டும்.

சிங்கப்பூர் அரசுப் பள்ளிகளில் தமிழையே தாய்மொழிப் பாடமாகப் படிக்கலாம். ஆனால் குடிமக்களுக்கும் பி.ஆர். (நிரந்தரமாகத் தங்கும் உரிமை) உள்ளவர்களுக்கும் போக மீதி இடம்தான் வெளிநாட்டவருக்கு. கிடைக்காவிட்டால் பன்னாட்டுப் பள்ளிதான், அதன் கட்டணம் சம்பள உயர்வையே விழுங்கிவிடும். பள்ளிக் கட்டணம் தருவார்களா என்று ஆஃபர் லெட்டரில் கையெழுத்துப் போடும் முன்பே கேளுங்கள். அமெரிக்காவில் இந்தியாவில் பிறந்தவர்களுக்கான வேலைவாய்ப்பு கிரீன் கார்டு வரிசை பல்லாண்டு நீளம். வேலை விசாவில் போகிறவரின் குடும்பத்துக்குத் தரும் எச்-4 விசாவோ பிள்ளைக்கு 21 வயதோடு முடிகிறது. இன்று ஆறு வயதில் கூட்டிப் போகும் குழந்தை, அங்கேயே வளர்ந்தபிறகு தனக்கென வேறு விசா தேட வேண்டிவரலாம்.

துணைக்கு வேலை உரிமை உண்டா என்பதைக் கடைசியில் விசாரிப்பவர்கள்தான் அதிகம். பெங்களூரில் பெரும்பாலும் இரண்டு சம்பளத்தை நம்பித்தான் வீட்டுக்கடன் ஓடுகிறது. கனடா, ஆஸ்திரேலியா பி.ஆரில் இருவரும் வேலை செய்யலாம். ஜெர்மனியில் ப்ளூ கார்டு (பட்டதாரிகளுக்கான வேலை அனுமதி) வைத்திருப்பவரின் துணை, ஜெர்மன் தேர்வு எழுதாமலே வரலாம், வந்த உடனே வேலையும் செய்யலாம். சிங்கப்பூரில் 2021 மே மாதத்திலிருந்து டிபெண்டன்ட் பாஸில் (வேலை பார்ப்பவரின் குடும்பத்துக்கான அனுமதி) இருப்பவருக்குத் தனியாக வேலை அனுமதி தேவை. போகும் நாட்டில் ஒரே சம்பளம்தான் என்று வைத்து வாடகை, குழந்தைக் காப்பகம், இங்கே கட்டும் இ.எம்.ஐ. மூன்றையும் கழியுங்கள். மைனஸ் வந்தால் அந்த நாட்டைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவதே நல்லது.

புறப்படும் முன்பே கையில் இருக்க வேண்டிய பணத்தையும் பாருங்கள். பிரிட்டனில் சுகாதாரக் கட்டணம் ஆண்டுக்குப் பெரியவருக்கு 1,035 பவுண்டு, குழந்தைக்கு 776. கணவன், மனைவி, இரண்டு குழந்தைகள், ஐந்தாண்டு விசா என்றால் 18,110 பவுண்டு, ரூபாயில் 20 லட்சத்துக்கு மேல். விண்ணப்பிக்கும்போதே மொத்தமாகக் கட்ட வேண்டும். கனடாவுக்குக் கையிருப்பாகக் காட்டும் பணம் கடனாக இருக்கக்கூடாது, ஆறு மாத வங்கிக் கணக்கையும் பார்ப்பார்கள். ஊரில் நிலம் விற்ற பணம் போன மாதம்தான் வந்தது என்றால் விற்பனைப் பத்திரத்தையும் சேர்த்து வையுங்கள்.

ஊரில் இருக்கும் பெற்றோரை எந்தத் திட்டமும் ஒதுக்கிவைக்க முடியாது. இங்கிருந்து ராத்திரி ரயில் ஏறினால் காலையில் ஈரோடு. வெளிநாட்டிலிருந்து அப்படி ஓடி வர முடியாது. கனடாவின் சூப்பர் விசாவில் பெற்றோர் ஒருமுறை வந்தால் ஐந்தாண்டு வரை தங்கலாம், ஆனால் மருத்துவக் காப்பீடு கட்டாயம். ஜெர்மனிக்கு ஷெங்கன் வருகை விசாவில் வந்தால் 90 நாள்தான். நீங்கள் ஒரே பிள்ளை, அப்பாவுக்கு வாரம் இரண்டு டயாலிசிஸ் என்றால் இப்போதைக்குப் போகாமல் இருப்பதும் சரியான முடிவுதான்.

தமிழ்க் குடும்பங்கள் தடுக்கி விழும் இடம் பெயர். அப்பா பாஸ்போர்ட்டில் 'செந்தில்குமார் முருகேசன்', அம்மா பாஸ்போர்ட்டில் வெறும் 'தேன்மொழி', சர்நேம் கட்டம் காலி. குழந்தை 'கயல் செந்தில்குமார்'. மூன்று பேர், மூன்று விதம். சர்நேம் காலியாக இருந்தால் அமெரிக்க விசாவில் முதல் பெயர் இடத்தில் 'எஃப்என்யு' (முதல் பெயர் தெரியாது) என்று அச்சாகும். ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டோடு சுற்றுலா விசாவில் வருவதை நிறுத்தியது. அதனால் முதலில் பாஸ்போர்ட்டைத் திருத்துங்கள், அப்புறம்தான் ஐஇஎல்டிஎஸ், அதற்கப்புறம் நம் பட்டம் வெளிநாட்டில் எதற்குச் சமம் என்று சொல்லும் பட்ட மதிப்பீடு. வரிசை மாறினால் மதிப்பெண் பட்டியலில் ஒரு பெயர், பாஸ்போர்ட்டில் ஒரு பெயர் என்று நின்று ஒவ்வொன்றுக்கும் அஃபிடவிட் தேடி அலைய வேண்டிவரும். குழந்தையின் பிறப்புச் சான்றிதழில் பெயர் ஏறியிருக்கிறதா என்றும் பாருங்கள்; மருத்துவமனையிலிருந்து போன பதிவில் பல நேரம் 'பெண் குழந்தை' என்று மட்டும்தான் இருக்கும்.

ஆவணம் உண்மையானது என்று அரசு முத்திரையிடும் சான்றொப்பத்துக்கும் ஒரு விதி உண்டு. எந்த மாநிலம் கொடுத்த ஆவணமோ, அந்த மாநிலத்தில்தான் முதல் முத்திரை. பட்டமும் திருமணச் சான்றிதழும் தமிழ்நாட்டினுடையது, குழந்தையின் பிறப்புச் சான்றிதழ் பெங்களூர் மாநகராட்சியினுடையது என்றால் சென்னையிலும் பெங்களூரிலும் தனித்தனியாக நடக்க வேண்டும். இதற்கென்று இரண்டு மாதமாவது ஒதுக்குங்கள்.

கிளம்பிப் போனதும் வங்கிக் கணக்கை என்ஆர்ஓவாக (வெளிநாடுவாழ் இந்தியருக்கான ரூபாய்க் கணக்கு) மாற்றுங்கள். பிபிஎஃப் முதிர்வு வரை ஓடலாம். மகள் பெயரில் செல்வமகள் சேமிப்புக் கணக்கு இருந்தால், அவள் வெளிநாடுவாழ் இந்தியர் ஆனதும் தெரிவித்து மூட வேண்டும்.