சின்னக் குழந்தையோடு காரில் கடற்கரைக்கா?

ஒன்றிரண்டு வயதுக் குழந்தை என்றால் மூன்று, நான்கு மணி நேரத்தில் போய்ச் சேரும் கடற்கரையே போதும். தூங்கும் நேரத்தை ஒட்டிக் கிளம்புங்கள். 2 மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்தி, கொஞ்சம் ஓடவிடுங்கள்.

அழகைவிட அலைதான் முக்கியம். திறந்த கடலைவிட வளைகுடா ஓரம் பெரும்பாலும் அமைதியாக இருக்கும். கரை மெல்லச் சரிந்து, பத்தடி உள்ளே போனாலும் நம் கணுக்கால் அளவே தண்ணீர் நிற்கிற இடமாகப் பாருங்கள். உயிர்காப்பாளர் இருந்தாலும் குழந்தை உங்கள் கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்க வேண்டும்.

அப்புறம், தங்கும் அறை நடக்கிற தூரத்தில் இருக்கட்டும். மணல் ஒட்டிய காலோடு, தூக்கத்துக்கு அழுகிற குழந்தையை மறுபடி கார் சீட்டில் உட்காரவைத்து பெல்ட் மாட்டுவது பெரும்பாடு. அதற்காகக் கூடுதல் வாடகை கொடுத்தாலும் தகும் என்பேன். உச்சி வெயிலில் சட்டென்று அறைக்குத் திரும்பவும் அது உதவும்.