தோல் வேலைக்கு நல்ல அரைவட்டக் கத்தி தேடுபவர்களுக்கு

அரைவட்டக் கத்தி ஒன்றைக் கையில் எடுத்தால் நான் முதலில் பார்ப்பது, வெட்டுவாய்க்குக் கால் அங்குலம் மேலே அலகு எவ்வளவு தடிப்பு என்பதைத்தான். நாலு மில்லிமீற்றர் தடிப்பான வார்த் தோலை வெட்டும்போது அலகு முழுதாகத் தோலுக்குள் இறங்கிப் போக வேண்டும். தோல் பிளந்து வழி விடாது. இரண்டு பக்கமும் அலகை இறுக்கிப் பிடிக்கும். வாய் எவ்வளவு கூராக இருந்தாலும், மேலே தடித்த கத்தி பாதி வழியில் நின்றுவிடும். அந்த இடத்தில் கை பலம் போடுவோம், கோடு விலகும், தோல் வீணாகும். சில வேளை விரலும் போகும்.

நான் யாழ்ப்பாணத்தில் சவாரி மாடுகளுக்குக் கழுத்துப் பட்டி, தவிலைத் தோளில் மாட்டும் வார், இடுப்புப் பட்டி, பை செய்கிறவன். சேணம் கேட்டு இங்கே யாரும் வருவதில்லை. நெடுந்தீவுக் குதிரைகள் கூடச் சேணம் இல்லாமல் வெளியில் மேய்கிறவைதான். ஆனால் சேண வேலைக்காரரின் இந்தக் கத்தி இல்லாமல் என் வேலை ஓடாது. எங்கள் ஊரில் செருப்புத் தைப்பவர்கள் பாவிக்கும் நேர்வாய்க் கத்தி ஓரம் சீவ நல்லது; நீள வார் கீறவும் வளைவு வெட்டவும் அரைவட்டம்தான் வேண்டும். இதன் நடுவாய் முன்னோக்கித் தள்ளி நேர்கோடு வெட்டும். நுனி இரண்டும் சின்ன வளைவில் திரும்பும். சாய்த்துப் பிடித்தால் ஓரம் சீவும். எகிப்தில் தீப்ஸ் நகரத்து அமைச்சர் ரெக்மிரேயின் கல்லறைச் சுவரில், ஏறக்குறைய 3,400 ஆண்டுகளுக்கு முந்தைய ஓவியத்தில், தோல் வேலைக்காரர் கையில் இதே பிறை வடிவக் கத்தி இருக்கிறது. மாற்ற அவசியம் வராத கருவி.

அளவைப் பற்றி அதிகம் யோசிக்கத் தேவையில்லை. பை, பேர்ஸ் செய்பவருக்கு நுனிக்கு நுனி நாலு அங்குலம் போதும். பட்டி, வார் வெட்டுபவர் ஐந்து அங்குலம் எடுக்கலாம். ஆறு அங்குலம் பெரிய சேணக்காரருக்கு.

கத்தி எங்கே கிடைக்கும் என்றால், என் அனுபவத்தில் மூன்று வழி. பழைய வெளிநாட்டுக் கத்தி, புதிய வெளிநாட்டுக் கத்தி, எங்கள் கம்மாலை, அதாவது கொல்லர் பட்டறை.

பழையவற்றில் அமெரிக்காவின் சி.எஸ். ஒஸ்போர்ன், பிலடெல்பியாவின் வில்லியம் ரோஸ், பாரிசின் வெர்ஜே பிளான்ஷார், ஷெபீல்டின் ஜோர்ஜ் பார்ன்ஸ்லி ஆகிய முத்திரைகளைத் தேடுங்கள். ஒஸ்போர்ன் 1826இலும், பிளான்ஷார் 1823இலும், பார்ன்ஸ்லி 1836இலும் தொடங்கியவை. லண்டனிலோ ரொறொன்ரோவிலோ மச்சான், சித்தப்பா யாராவது இல்லாத வீடு இங்கே குறைவு. அவர்களிடம் பழைய கருவி விற்பவர்களைப் பார்க்கச் சொல்லலாம். வரும்போது கையில் கொண்டுவரும் பையில் வைக்கவே கூடாது. விமானத்தில் ஏற்றிவிடும் பெட்டிக்குள், வாயைத் தடித்த மட்டையால் மூடிக் கட்டி வைக்கச் சொல்லுங்கள்.

படம் பார்த்து வாங்குவதானால் விற்பவரிடம் மூன்று படம் கேளுங்கள்: முழுக் கத்தி, வாய்ப்பகுதி கிட்டத்தில், பிடியும் அலகும் சேருமிடம். அரைவட்டம் இரண்டு பக்கமும் சமமாக இருந்தால் மிக நல்லது. ஒரு நுனி தேய்ந்து குட்டையாகிப் போயிருந்தால் பரவாயில்லை, மறுநுனி நல்லதாக இருந்தால் வேலை செய்யும். மேற்பரப்பில் துரு நிறம் இருந்தாலும் பயமில்லை. வாய்க்குப் பக்கத்தில் துரு குழி குழியாக அரித்திருந்தால் விட்டுவிடுங்கள்: தீட்டத் தீட்ட அந்தக் குழிகள் வாயில் பல்லாக வெளிப்படும். வாயோரம் நீலமோ ஊதாவோ படர்ந்திருந்தால், யாரோ மின் சாணையில் சூடேற்றிக் கடினத்தைக் கெடுத்திருக்கிறார்கள். அந்த நீலப் பகுதி எப்போதும் மழுங்கும்.

புதிய கத்திக்கு உருக்கின் பெயரைக் கேளுங்கள். ஓ1 கூர் எடுக்க எளிது, துருப் பிடிக்கும். ஏ2, டி2 கூரை நீண்ட நேரம் தாங்கும், தீட்ட நேரம் எடுக்கும். 52100 என்பது பெயரிங் உருக்கு. மெல்லிய வாய்க்கு மிகத் திறம். கடினம் ரொக்வெல் அளவில் 58 முதல் 62 வரை இருந்தால் நம்பலாம். உருக்கின் பெயர் சொல்லாமல் அலகில் அலை அலையான வடிவத்தைக் காட்டி மலிவாக விற்கும் கத்திகளை நான் தொடுவதில்லை. அவற்றின் வாய் அநேகமாகத் தடித்திருக்கும். புதிதாக வரும் நல்ல கத்தியையும் பெரும்பாலும் நாங்கள்தான் தீட்டி எடுக்க வேண்டும், அதற்காக மனம் நோக வேண்டாம்.

இனி எங்கள் கம்மாலைக்கு வருகிறேன். என் முதல் சிபாரிசு இதுதான்.

பாளைக்கத்தி அடிக்கிற கொல்லரைத் தேடிப் பிடியுங்கள். பனம்பாளையை ஒவ்வொரு முறையும் மெல்லியதாகச் சீவ வேண்டும். சீவல் சுத்தமாக விழாவிட்டால் கள் ஒழுங்காக வடியாது. மெல்லிய வாயை எப்படித் தோய்ப்பது, அதாவது சிவக்கக் காய்ச்சி எண்ணெயில் முக்கிக் கடினமாக்குவது, என்று தெரிந்த கைதான் அந்தக் கத்தியை அடிக்கும். மண்வெட்டி மட்டும் அடிப்பவர் எவ்வளவு திறமைசாலியானாலும் இந்த வேலை அவர் கைக்குப் பழக்கமில்லை. எனக்கு அடித்துத் தரும் ஐயா சொன்னது: "தம்பி, இது பாளைக்கத்தியை விட அகலம். தோய்க்கேக்கை முறுக்கும். வாயை ஒரு மில்லிமீற்றர் தடிப்பிலை விட்டு வைச்சுத் தோய்ச்சிட்டுத்தான் பிறகு தேய்க்க வேணும்." வேலையின் பாதி அந்த ஒரு வசனத்தில் இருக்கிறது.

இரும்பு நீங்களே கொண்டுபோவது நல்லது. பழைய லொறி வில்லுத் தகடு கிடைக்கும். ஆனால் ஓடித் தேய்ந்த தகட்டில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு இருக்கலாம், வளைவின் நடுப்பகுதியைத் தவிர்க்கச் சொல்லுங்கள். மர ஆலையின் பழைய பெரிய வட்ட வாள் இன்னும் நல்லது: ஏற்கனவே மெல்லியது, அடித்துப் பரப்பும் வேலை குறைவு. பல்லில் கார்பைட் ஒட்டிய சின்ன வாள் உதவாது, அதன் உடல் மென்மை. கடதாசி மட்டையில் அளவான அரைவட்டத்தை வெட்டி, பிடி செருகும் வாலையும் வரைந்து கொடுங்கள். வாய்மொழியாகச் சொல்லிவிட்டு வந்தால் அவர் பழகிய வடிவம்தான் திரும்பி வரும்.

தோய்ச்சலின்போது பக்கத்தில் நின்று பார்க்க அனுமதி கேளுங்கள். அலகு சிவந்து, காந்தம் ஒட்டாத சூட்டுக்கு வந்ததும் எண்ணெயில் இறங்க வேண்டும். வில்லுத் தகட்டுக்கு மிதமாகச் சூடேற்றிய தேங்காய் எண்ணெய் போதும். அந்த நிலையில் அலகு தட்டினால் உடையும். அந்த உடையும் குணத்தைக் குறைக்க, வீட்டில் கேக் சுடும் மின் அடுப்பு இருந்தால் 200 பாகை செல்சியஸில் இரண்டு மணி நேரம் வைத்து ஆறவிட்டு, மறுபடியும் ஒருமுறை அப்படியே செய்யுங்கள். துடைத்த அலகில் வைக்கோல் மஞ்சள் நிறம் ஏறினால் சரி. பிடிக்குப் புளி, முதிரை நல்லவை. பிடியின் கழுத்தில் பித்தளை வளையம் இறுக்கப் போடச் சொல்லுங்கள்.

வாங்கியதோ அடித்ததோ, எந்தக் கத்தியையும் ஒரே விதமாகத்தான் சோதிக்கிறேன். புது அரத்தை வாயில் இலேசாக இழுத்தால் அது வழுக்கிப் போக வேண்டும். கடித்து இழுத்தால் அலகு மென்மை. தீட்டிய பின், மெல்லிய பித்தளைக் கம்பி ஒன்றின் மேல் வாயைச் சாய்த்து இலேசாக அழுத்தி நகர்த்துங்கள். வாய் சிறிது வளைந்து மீள வேண்டும். வளைந்தபடி நின்றால் மென்மை, சில்லுச் சில்லாகப் போனால் கடினம் கூட.

கடைசிச் சோதனை தோலிலேயே. தாவரச் சாற்றில் பதனிட்ட தோல் துண்டில் ஒரே தள்ளில் ஒரு சாண் நீளம் வெட்டி, வெட்டுமுகத்தை விளக்கு வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். அந்த முகம் மெழுகு பூசிய மாதிரி மினுங்க வேண்டும். இழை கிளம்பி மங்கலாக இருக்கும் இடத்துக்கு நேரே வாயில் எங்கோ மழுங்கல் இருக்கிறது. அதே விளக்கின் கீழ் வாயை நேராகப் பிடித்துப் பாருங்கள்: கூரான வாய் வெளிச்சத்தைத் திருப்பாது, மழுங்கிய இடம் வெள்ளைக் கோடாகத் தெரியும்.

தீட்ட 1000, பிறகு 4000 அளவு நீர்க்கல் போதும். தேய்க்கும்போது வட்டத்தோடு சேர்த்துக் கத்தியைத் திருப்ப வேண்டும். ஒரே இடத்தில் நின்றால் அரைவட்டம் தட்டையாகிவிடும். அதன் பிறகு பலகையில் ஒட்டிய தோலில், கஸ்தூரியார் வீதிப் பொன் வேலைக்காரர் பாவிக்கும் சிவப்பு மெருகுக் கட்டியைப் பூசி, வாயைப் பின்னோக்கி இழுங்கள். வேலைக்கு நடுவே அடிக்கடி இதைச் செய்தால் கல்லுக்குப் போகும் தேவை குறையும்.

எங்கள் கடற்காற்று உருக்கை விடாது. வேலை முடிந்ததும் தையல் மெசின் எண்ணெய் ஒரு துளி துணியில் எடுத்துத் துடையுங்கள். தோல் உறையில் போட்டு வைக்காதீர்கள், தோலில் உள்ள ஈரமும் பதனிட்ட சாரமும் அலகை அரிக்கும். தோட்டத்துக்குத் தண்ணி விடும் பிளாஸ்ரிக் குழாயில் ஒரு துண்டை நீளவாட்டில் கீறி வாயில் செருகிவிட்டால் போதும்.