நீண்ட தூரக் குதிரைச் சவாரிக்குச் சேணம் தேர்ந்தெடுப்பது எப்படி?

சேணம் வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் முதலில் இருக்கையைத்தான் அமுக்கிப் பார்ப்பார்கள். மெத்தென்று இருந்தால் முடிந்தது வேலை. ஒரு மணி நேரச் சவாரிக்கு அது போதும்கூட. ஐந்தாறு மணி நேரம் போனால் அந்த மெத்தை நசுங்கிவிடும். அதன் பிறகு, உள்ளே இருக்கும் சட்டம் குதிரையின் முதுகில் எப்படிப் படிகிறது என்பதுதான் கணக்கு. அதனால் முதலில் குதிரைக்குப் பொருத்தம் பாருங்கள். உங்கள் பொருத்தம் அதற்கடுத்து.

படி 1: முதுகைத் தடவிப் பார்த்து அளவெடுங்கள்

குதிரையைச் சமதரையில், நான்கு காலும் சமமாக ஊன்றியிருக்க, தலை நேராக இருக்கும்படி நிறுத்துங்கள். முதுகெலும்பின் இரு பக்கமும் விரல் நுனிகளால் சற்று அழுத்தியபடி முன்னிருந்து பின்னாக வருடுங்கள். முதுகைத் தாழ்த்தி விலகினாலோ காதைப் பின்னுக்கு மடித்தாலோ அங்கே வலி இருக்கலாம். அது ஆறும்வரை சேணம் எதையும் போட்டுப் பார்க்க வேண்டாம்.

அடுத்து, தோள்பட்டை எலும்பின் பின்விளிம்பைக் கையால் தடவிக் கண்டுபிடியுங்கள். அதற்கு இரண்டு மூன்று விரல் பின்னால், வளைத்தபடியே நிற்கும் கம்பி ஒன்றை முதுகின் குறுக்கே வைத்து அமுக்கி, அந்த வளைவை அட்டையில் வரைந்து வெட்டிக்கொள்ளுங்கள். கடைக்கு இந்த அட்டையை எடுத்துப் போங்கள். சேணத்தின் முன்வளைவும் அட்டையும் ஒரே சரிவில் இறங்க வேண்டும்.

படி 2: வெறும் முதுகில் வைத்துப் பாருங்கள்

சேணத்துக்கு அடியில் விரிக்கும் துணி வேண்டாம், அது குறைகளை மறைத்துவிடும். சேணத்தைச் சற்று முன்னால் வைத்துப் பின்னோக்கி நகர்த்துங்கள். தானாக ஓரிடத்தில் அமரும். அங்கே பார்க்க வேண்டியவை:

முன்புறம்: சட்டத்தின் முனை தோள் எலும்பின் மேல் ஏறக் கூடாது. ஏறினால் ஒவ்வொரு எட்டிலும் எலும்பு அதில் இடிக்கும், குதிரை எட்டைக் குறுக்கிக்கொள்ளும்.

பின்புறம்: கடைசி விலா எலும்பை மேல்நோக்கித் தடவிக்கொண்டே போனால் முதுகெலும்பை அடைவீர்கள். எடை தாங்கும் பகுதி அதைத் தாண்டக் கூடாது. அதற்கப்பால் இருப்பது இடுப்பு. கீழே தாங்க விலா கிடையாது.

நடுவே: சேணத்தின் அடியில், முதுகெலும்புக்கு மேலே வரும் பள்ளம் முன்னிருந்து பின்வரை மூன்று நான்கு விரல் அகலம் இருக்க வேண்டும். கழுத்து முடிகிற மேட்டுக்கும் சேணத்துக்கும் இடையே இரண்டு மூன்று விரல் நுழைய வேண்டும். நீங்கள் ஏறி உட்கார்ந்த பிறகும் இடைவெளி மிஞ்ச வேண்டும்.

கடைசியாக, சேணத்தின் அடிமெத்தைக்கும் குதிரையின் முதுகுக்கும் இடையே உள்ளங்கையைச் செருகி முழு நீளமும் நகர்த்துங்கள். முன்னும் பின்னும் இறுகி, நடுவில் கை தளர்வாகப் போனால் சேணம் பாலம்போல் நிற்கிறது. முழு எடையும் நான்கு இடங்களில் குவியும், அங்கேதான் புண் வரும். மாறாக நடுவில் மட்டும் பட்டால் ஊஞ்சல்போல் முன்னும் பின்னும் ஆடும். இந்தச் சோதனையைத்தான் அவசரத்தில் விட்டுவிடுகிறார்கள்.

குறுகலான சேணத்துக்குத் தடித்த துணி போட்டுச் சரிசெய்யலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். இறுக்கமான செருப்புக்குள் இன்னொரு தோலைத் திணிப்பது போலத்தான் அது.

படி 3: வயிற்றுப் பட்டை

முன்னங்கால் முழங்கை மடிப்புக்கு ஏறத்தாழ நான்கு விரல் பின்னால் பட்டை இயல்பாக விழ வேண்டும். முன்னே விழுந்தால், நடக்க நடக்கச் சேணத்தையும் தோள்மேல் இழுத்துப் போகும். ஒரே மூச்சில் இறுக்காமல், இரண்டு மூன்று தவணையாக இறுக்குங்கள்.

படி 4: இப்போது உங்கள் முறை

இருக்கையின் ஆழமான இடம் நடுவில் இருக்கிறதா? பின்னால் தள்ளியிருந்தால் கால்கள் முன்னே ஓடிவிடும், இடுப்பு வலிக்கும். ஆங்கிலச் சேணமானால் உங்களுக்குப் பின்னால் ஓர் உள்ளங்கை அகலம் மிஞ்சட்டும். தொடையின் உட்புறம் படும் இடத்தில் தையலோ வளையமோ துருத்தக் கூடாது. அங்கவடியின் (பாதம் வைக்கும் வளையத்தின்) மிதிப்பரப்பு அகலமாக இருந்தால் பாதம் மரத்துப்போவது குறையும்.

எடையையும் கணக்கில் வையுங்கள். ஆளும் சேணமும் மூட்டையும் சேர்ந்து குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது பொதுவான வரம்பு. 400 கிலோ குதிரைக்கு 80 கிலோ. நெடும்பயணத்துக்கு அதற்கும் கீழே இருப்பதே நல்லது.

படி 5: ஓட்டிப் பார்த்து வியர்வையைப் படியுங்கள்

மெல்லிய துணி விரித்து 45 நிமிடம், கொஞ்சம் ஏற்ற இறக்கத்தோடு ஓட்டுங்கள். இறங்கிச் சேணத்தைக் கழற்றியதும் முதுகைப் பாருங்கள். இரு பக்கமும் ஒரே மாதிரி ஈரம் இருந்தால் நல்லது. முதுகெலும்பின் மேல் காய்ந்த கோடு இயல்பானது. ஆனால் ஈரத்தின் நடுவே உலர்ந்த திட்டு இருந்தால் அங்கே அழுத்தம் மிகுதியாக இருக்கலாம். கையால் அழுத்தி உறுதிசெய்யுங்கள். கலைந்து சுழித்த முடி சேணம் உராய்வதைக் காட்டும். சேணம் படும் இடத்தில் வெள்ளை முடி தெரிந்தால் அது பெரும்பாலும் பழைய காயத்தின் தடம்.

பழைய சேணம் வாங்குவதானால் இன்னொன்று: முன்பகுதியை வயிற்றோடு அணைத்துப் பின்பகுதியை உங்களை நோக்கி இழுங்கள். நடுவில் மடிந்தாலோ கிறீச்சிட்டாலோ சட்டம் உடைந்திருக்கலாம், விட்டுவிடுங்கள்.

பயிற்சியில் குதிரை இளைக்கும், தசை ஏறும், முதுகின் வடிவம் மாறும். மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை அந்தக் கம்பியை மறுபடி வைத்து, பழைய அட்டையோடு ஒப்பிடுங்கள்.