விண்மீன்களின் தூரம்: கணக்கு பிசகும் இடங்கள்

பெப்ரவரி நடுவில், இரவு ஒன்பது மணிவாக்கில், மஸ்கெலியாவில் வானம் வெளித்திருந்தால் தெற்கே பாருங்கள். உயரத்தில் வெண்ணிறமாகச் சுடர்வது சிரியஸ். அதற்கு வெகு கீழே தெரிவது கனோபஸ். நம் பெரியவர்கள் அகத்தியர் நட்சத்திரம் என்பது இதைத்தான். இரவு வானத்தின் விண்மீன்களில் ஒளியில் முதலாவது அது, இரண்டாவது இது. அதனால் இரண்டும் ஏறக்குறைய ஒரே தூரத்தில் இருக்கும் என்று நினைப்பதுதான் முதல் தவறு. சிரியஸ் 8.6 ஒளியாண்டு தூரத்தில் இருக்கிறது. கனோபஸ் சுமார் 310 ஒளியாண்டு. சிரியஸ் சூரியனைப்போல் 25 மடங்கு ஒளி தருகிறது. கனோபஸ் பத்தாயிரம் மடங்குக்கும் மேல் தருகிறது. பிரகாசத்தை மட்டும் வைத்துக்கொண்டு தூரம் சொல்ல முடியாது.

பக்கத்தில் தெரிவதெல்லாம் பக்கத்தில் இருக்கிறது என்பதும் இதே குடும்பத்துத் தவறு. ரோகிணி தன்னைச் சுற்றியுள்ள ஹயடீஸ் கொத்தோடு சேர்ந்தே தெரியும். ஆனால் ரோகிணி 65 ஒளியாண்டிலும் அந்தக் கொத்து சுமார் 150 ஒளியாண்டிலும் இருக்கின்றன.

எண்களை எடுத்து எழுதும்போது நேரும் பிழையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பாடசாலை விஞ்ஞான தினக் கண்காட்சிச் சுவரொட்டிகளில் இதுதான் அடிக்கடி கண்ணில் படுகிறது. அந்திரொமீடா விண்மீன் மண்டலம் 2.5 மில்லியன் ஒளியாண்டு தூரத்தில் இருக்கிறது. அது 25 இலட்சம். இரண்டரைக் கோடி அல்ல. ஒரு பூச்சியம் கூடினால் நம் அயல்வீடு வேறு ஊருக்கே போய்விடும். மில்லியனிலிருந்து இலட்சத்துக்கு மாற்றும்போது ஒருமுறை விரல்விட்டு எண்ணிப் பார்த்தால் குறைந்துவிடாது.

இனி அளக்கும் முறை. பூமி சூரியனைச் சுற்றுவதால், ஆறு மாத இடைவெளியில் நாம் ஒரு விண்மீனை வெவ்வேறு இரண்டு இடங்களிலிருந்து பார்க்கிறோம். பின்னால் வெகு தூரத்தில் இருக்கும் விண்மீன்களோடு ஒப்பிட்டால் அது சற்று நகர்ந்து தெரியும். இந்த இடமாறு தோற்றத்தின் கோணம் தெரிந்தால் தூரம் கிடைக்கும். ஜெர்மன் வானியலாளர் பெசல் 1838இல் 61 சிக்னி என்ற விண்மீனுக்கு இந்தக் கோணத்தை அளந்து வெளியிட்டார். ஒரு விகலையில் மூன்றில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவு. ஒரு விகலை என்பது ஒரு பாகையை 3600 கூறாக்கினால் வரும் ஒரு கூறு. ஒரு சென்ரிமீற்றர் அகலமான பொருளை 2 கிலோமீற்றருக்கு அப்பால் வைத்துப் பார்த்தால் அவ்வளவு தெரியும்.

மாணவர்கள் தவறுவது கோணத்தைப் பாதியாக்கும் இடத்தில். ஆறு மாதத்தில் தெரியும் முழு நகர்வை அப்படியே சூத்திரத்தில் போட்டால் தூரம் பாதியாகக் குறைந்துவிடும். அடித்தளமாக எடுப்பது பூமிக்கும் சூரியனுக்கும் இடையிலான தூரம்; ஆகவே எடுக்க வேண்டிய கோணம் முழு நகர்வில் பாதி. அந்தக் கோணம் ஒரு விகலையாக இருந்தால் தூரம் ஒரு பார்செக், அதாவது 3.26 ஒளியாண்டு.

அடுத்த தவறு நுட்பமானது. 2013இல் ஏவப்பட்ட கையா விண்கலம் அளந்த கோணங்களை இப்போது எவரும் இணையத்தில் இறக்கிக்கொள்ளலாம்; நூறு கோடிக்கும் மேற்பட்ட விண்மீன்கள் அதில் உண்டு. ஒன்றைக் கோணத்தால் வகுத்தால் தூரம் என்று படித்த பிள்ளை அந்த அட்டவணையைத் திறந்தவுடன் சில கோணங்கள் மறைப் பெறுமானமாக இருப்பதைக் கண்டு திகைக்கும். உண்மையில் எந்தக் கோணமும் பூச்சியத்துக்குக் கீழே போக முடியாது. வெகு தூரத்து விண்மீனின் கோணம் அளவீட்டு வழுவைவிடச் சிறிதாக இருப்பதால், வழு அதை இந்தப் பக்கமும் தள்ளும், அந்தப் பக்கமும் தள்ளும். மறையானவற்றை மட்டும் அழித்துவிட்டு மிச்சத்தில் சராசரி எடுப்பவர்கள் ஒரு பக்கம் சாய்ந்த விடையைப் பெறுகிறார்கள். கோணத்தோடு தரப்பட்டுள்ள வழுவையும் பார்க்க வேண்டும். அது கோணத்தில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டினால் வெறுமனே வகுப்பதை நான் நம்பமாட்டேன்.

கருவியே சறுக்கியதும் உண்டு. கார்த்திகைக் கொத்தின் தூரத்தை ஹிப்பார்கொஸ் விண்கலம் 1990களில் சுமார் 390 ஒளியாண்டு என்று காட்டியது. மற்ற முறைகள் 440 பக்கம் நின்றன. பல ஆண்டுகள் வழக்கு இழுபட்டது. கையாவின் அளவு 440 பக்கமே வந்து சேர்ந்தது. இன்றும் பழைய எண்ணை எழுதும் புத்தகங்கள் உண்டு. எந்த எண்ணையும் எடுக்கும் முன் அது எந்த முறையில், எப்போது அளந்தது என்று கேட்பது நல்லது.

இடமாறு தோற்றம் எட்டாத தூரத்துக்குப் போனால் வேறு வழி வேண்டும். இங்கேதான் தவறுகள் செழிக்கின்றன. சிவனொளிபாதமலைக்கு யாத்திரை நடக்கும் காலத்தில், நல்லதண்ணியிலிருந்து உச்சிவரை படிக்கட்டு நெடுகிலும் இரவில் விளக்குகள் எரியும். கீழே நிற்பவருக்கு ஒவ்வொரு விளக்கும் எவ்வளவு தூரம் என்று தெரியாது. ஆனால் எல்லா விளக்கும் ஒரே வலுவுள்ளவை என்று தெரிந்தால், மற்றதன் ஒளியில் நான்கில் ஒரு பங்கு மட்டும் தெரிவது அதைவிட இரண்டு மடங்கு தூரத்தில் இருக்கிறது என்று சொல்லிவிடலாம். வானியலில் அப்படி ஒரு விளக்கைக் கண்டுபிடித்தவர் ஹென்றியெட்டா லீவிட். சிறிய மெகல்லன் மேகம் என்ற அயல் விண்மீன் மண்டலத்தில், ஒளி சீராகக் கூடிக் குறையும் செபீட் விண்மீன்கள் 25ஐ ஆராய்ந்து, அந்தச் சுழற்சி நீள நீள அவற்றின் ஒளியும் கூடுகிறது என்று 1912இல் காட்டினார். சுழற்சியை எண்ணினால் விளக்கின் வலு தெரியும். தெரியும் மங்கலோடு ஒப்பிட்டால் தூரம் தெரியும்.

எல்லாம் ஒரே விளக்குத்தானா என்று சரிபார்க்காமல் விட்டதுதான் பெரிய இடறல். படிக்கட்டு விளக்குகளுக்கு நடுவே ஒரு தேநீர்க்கடையின் சிறிய விளக்கை எண்ணிவிட்டால் எப்படி? 1923இல் எட்வின் ஹபிள் அந்திரொமீடாவில் ஒரு செபீடைக் கண்டார். தூரம் ஏறக்குறைய 9 இலட்சம் ஒளியாண்டு என்று கணித்தார். அது நம் பால்வீதிக்கு வெளியே இருக்கிறது என்ற முடிவு சரி, எண் சரியில்லை. அமெரிக்காவின் பாலோமார் வானாய்வகத்து 200 அங்குலத் தொலைகாட்டியில், அந்தத் தூரத்தில் தெரிந்திருக்க வேண்டிய ஆர்ஆர் லைரே என்ற, வலு தெரிந்த இன்னொரு வகை விண்மீன்கள் அந்திரொமீடாவில் தெரியவில்லை. செபீடுகளில் இரண்டு வகை உண்டு, கணக்கு இரண்டையும் கலந்துவிட்டது என்று 1952இல் வால்டர் பாடே அறிவித்தார். அந்திரொமீடாவின் தூரம் ஒரே அடியில் இரண்டு மடங்கானது.

விளக்கு சரியாக இருந்தாலும் இடையில் பனி இறங்கிவிட்டால் கணக்கு கெடும். விண்மீன்களுக்கு இடையிலுள்ள தூசி ஒளியை விழுங்குகிறது. அதைக் கணக்கில் சேர்க்காவிட்டால் எல்லாம் உள்ளதைவிடத் தூரமாகத் தெரியும். ஒளியில் பாதி போனால் தூரம் 1.4 மடங்காகக் காட்டும். பால்வீதி 3 இலட்சம் ஒளியாண்டு அகலம் என்று ஹார்லோ ஷப்லி சொன்னதற்குத் தூசியும் ஒரு காரணம். இன்றைய மதிப்பு 1 இலட்சம் அளவு. 1930இல் ரொபட் டிரம்ப்ளர் விண்மீன் கொத்துகளின் அளவையும் மங்கலையும் ஒப்பிட்டுத் தூசியின் வேலையைக் காட்டினார். தூசி நீல ஒளியைக் கூடுதலாகவும் சிவப்பைக் குறைவாகவும் தடுக்கும். அதனால் பல நிறங்களில் அளந்தால் எவ்வளவு விழுங்கப்பட்டது என்று கண்டுபிடிக்கலாம்.

வெளி விரிவதால் தூரத்து விண்மீன் மண்டலங்களின் ஒளி சிவப்புப் பக்கம் நகர்ந்து தெரியும்; நகர்வு கூடினால் தூரமும் கூடும் என்பது சூத்திரம். இந்தச் செந்நிறப் பெயர்ச்சியைப் பற்றிய தவறுகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வெகு தூரத்து விண்மீன் மண்டலங்களுக்கு அது நல்ல அளவுகோல், அருகிலுள்ளவற்றுக்குப் பயன்படாது. அந்திரொமீடா நம்மை நோக்கிச் செக்கனுக்கு 300 கிலோமீற்றர் வேகத்தில் வருகிறது; அந்தச் சூத்திரத்தில் போட்டால் தூரமே மறையாக வரும். பிரபஞ்சத்தின் வயது 1380 கோடி ஆண்டு, ஆகவே காணக்கூடிய எல்லையும் 1380 கோடி ஒளியாண்டு என்று எழுதுவதும் பிழை. ஒளி வந்துகொண்டிருந்த காலமெல்லாம் வெளியும் விரிந்துகொண்டே இருந்ததால் அந்த எல்லை இப்போது சுமார் 4600 கோடி ஒளியாண்டு.

விரிவின் வேகமும் இன்னும் தீர்ந்தபாடில்லை. செபீடுகளையும் மீவிண்மீன் வெடிப்புகளையும் வைத்து அளப்பவர்களுக்கு ஒரு மெகாபார்செக்குக்கு (பத்து இலட்சம் பார்செக்) செக்கனுக்கு 73 கிலோமீற்றர் பக்கம் வருகிறது. பிரபஞ்சத்தின் ஆதி ஒளியின் தடங்களிலிருந்து கணிப்பவர்களுக்கு 67 பக்கம் வருகிறது. ஹபிளின் 1929ஆம் ஆண்டுக் கணக்கு 500 காட்டியது. அதோடு பார்த்தால் இது சிறிய சண்டை, ஆனால் இரண்டு தரப்பும் சொல்லும் வழுவைவிட இடைவெளி பெரிது.