பெரிய தொட்டிக்கு அவசரப்படாதீர்கள்: மலைப்பகுதியில் செடிகளுக்குத் தொட்டி மாற்றும் முறை

குன்னூருக்குக் குடிவந்த முதல் வருடம். ஜூன் மாதத்தில் 4 இஞ்ச் பையில் இருந்த ஒரு ஜெரேனியத்தை வாங்கி வந்து, நேராக 12 இஞ்ச் (வாய் அகலம்) சிமென்ட் தொட்டியில் வைத்தேன். இடம் தாராளமாக இருந்தால் சீக்கிரம் வளரும் என்று நினைப்பு. மூன்றே வாரத்தில் அடித்தண்டு கறுத்துக் கொழகொழத்து, தொட்டதும் கையோடு வந்துவிட்டது. செடி வாங்கிய நர்சரிக்கே போய்ச் சொன்னேன். "எத்தனை இஞ்ச் தொட்டி தம்பி?" என்று கேட்டார் பெரியவர். சொன்னதும் சிரித்தார். "நாலு பேருக்கு அண்டா நிறைய சோறு வடிச்சா, மிச்சம் ஊசித்தானே போகும்?"

தொட்டி மண்ணும் அப்படித்தான். வேர் போய்ச் சேராத மண்ணில் இருக்கும் தண்ணீரை உறிஞ்ச ஆள் இல்லை. கோயம்புத்தூர் வெயிலில் அது ஆவியாகிவிடும். இங்கே மூடுபனியும் சாரலுமாக நாட்கணக்கில் தேங்கி நிற்கும். காற்றில்லாமல் வேர் அழுகும். ஒரு கணக்கும் போட்டுப் பாருங்கள்: 6 இஞ்ச் தொட்டியும் 12 இஞ்ச் தொட்டியும் ஒரே வடிவம் என்றால், பெரியது பிடிக்கும் மண் இரண்டு மடங்கு இல்லை, 8 மடங்கு. 6-லிருந்து 8-க்குப் போனாலே இரண்டு மடங்குக்கு மேல் கூடிவிடும். அதனால் ஒரு தடவைக்கு 2 இஞ்ச் மட்டும் ஏற்றுங்கள். 4, 6, 8, 10 என்று படிப்படியாக.

1. முதலில் வேரைப் பாருங்கள்

மேலே பார்த்து முடிவு செய்யாதீர்கள். காலையில் தண்ணீர் ஊற்றியும் மாலையில் வாடுகிறது, ஊற்றிய தண்ணீர் நிற்காமல் அடியில் ஓடிவிடுகிறது, துளை வழியாக வேர் எட்டிப் பார்க்கிறது என்றால் சந்தேகப்படலாம். உறுதி செய்ய, தொட்டியைக் கவிழ்த்து மண்கட்டியை வெளியே எடுத்துப் பார்ப்பதுதான் வழி.

மண் பொலபொலவென்று உதிர்ந்தால் இன்னும் நேரம் வரவில்லை, அப்படியே திரும்ப வைத்துவிடுங்கள். வெள்ளை வேர்கள் மண்ணைக் கட்டிப் பிடித்து, ஓரத்தில் வலை மாதிரி தெரிந்தால் அதுதான் சரியான பருவம். மண்ணே தெரியாமல் வேர் மட்டும் சுருண்டு சுருண்டு கிடந்தால் தாமதமாகிவிட்டது. அடியில் சுற்றிய வேரை விரலால் பிரித்துவிட்டு மாற்றுங்கள். வேர் பழுப்பாகி நாற்றம் அடித்தால் அந்தச் செடிக்குப் பெரிய தொட்டி தேவையில்லை. அழுகியதை நறுக்கிவிட்டு, இன்னும் சின்னத் தொட்டிக்கு இறக்குங்கள்.

2. எந்தச் செடிக்கு எவ்வளவு

பான்சி, பிரிமுலா போன்ற சின்னப் பூச்செடிகளுக்கு 6 இஞ்ச் போதும். ஜெரேனியமும் பிகோனியாவும் 8 இஞ்சில் நன்றாக இருக்கும். ஜெரேனியம் கொஞ்சம் நெருக்கடியில் இருந்தால்தான் நிறையப் பூக்கும். ஃபுஷியா, ரோஜா, ஹைட்ரேஞ்சியா எல்லாம் கடைசியில் 12 இஞ்சுக்குப் போகும், ஆனால் அங்கேயே தொடங்கக் கூடாது. அசேலியாவுக்கு வேர் ஆழமாகப் போகாது. உயரமான தொட்டியைவிட அகலமானது நல்லது. ஸ்ட்ராபெர்ரிக்கு 8 இஞ்ச். நடும்போது குருத்து மண்ணுக்குள் புதையக் கூடாது. கேரட்டுக்கு ஒரு அடி ஆழம் வேண்டும், அதை இடம் மாற்றவே கூடாது. நேரடியாக விதைத்து, நெருக்கமாக முளைத்ததைக் களைந்துவிடுங்கள்; மாற்றி நட்டால் கிழங்கு கவட்டை கவட்டையாகப் பிளந்து வரும்.

3. எந்த மாதம்

நீலகிரியில் இதுதான் முக்கியம். உறைபனி போன பிறகு, பிப்ரவரிக் கடைசியிலிருந்து ஏப்ரல் வரை நல்ல காலம். வெயில் ஏறும், வேர் ஓடும், கோடை மழையும் ஒத்தாசைக்கு வரும். தவறவிட்டால் செப்டம்பரில் ஒரு வாய்ப்பு. ஊட்டி பக்கம் ஜூன், ஜூலை மழையிலும், குன்னூர், கோத்தகிரி பக்கம் அக்டோபர், நவம்பர் அடைமழையிலும் கை வைக்காதீர்கள். டிசம்பர், ஜனவரியில் மண் குளிர்ந்து வேர் தூங்கும் நேரம். தலைகுந்தா, காந்தல் மாதிரிப் பனி இறங்கும் பள்ளங்களில் இருப்பவர்கள் அந்த மாதங்களில் தொட்டியைச் சுவரோரம், கூரைக்கு அடியில் நகர்த்தி வைத்தால் போதும்.

விதை போட்ட நாற்றுக்கு மாதக் கணக்கைவிட இலைக் கணக்குதான். முதலில் வரும் வித்திலைகளை விட்டுவிட்டு எண்ணுங்கள். அதன் பிறகு 2 முதல் 4 இலை வந்ததும் மாற்றலாம். இலையைப் பிடித்துத் தூக்குங்கள், தண்டைப் பிடிக்காதீர்கள். இலை போனால் இன்னொன்று வரும்.

4. மாற்றும் நாள்

முந்தின நாளே செடிக்குத் தண்ணீர் ஊற்றிவிடுங்கள். புது மண் தொட்டி என்றால் ஒரு மணி நேரம் தண்ணீரில் ஊறப்போடுங்கள், இல்லாவிட்டால் அது மண்ணின் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். வேலையை மாலையிலோ மேகமூட்டமான நாளிலோ வைத்துக்கொள்ளுங்கள்.

மண் கலவைக்கு நான் செம்மண் 2 பங்கு, மட்கிய சாண உரம் 1 பங்கு, மணல் 1 பங்கு போடுகிறேன். இலைமட்கு சேர்ப்பதென்றால் வீட்டு மரத்தடியில் கிடைப்பதே போதும். காட்டிலிருந்து அள்ளி வராதீர்கள், அது குற்றம்.

துளை மேல் ஒரு ஓட்டாஞ்சில்லு வையுங்கள், மண் ஒழுகாமல் இருக்கும். அடியில் ஜல்லி நிரப்புவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. தண்ணீர் ஜல்லிக்கு மேலே உள்ள மண்ணில்தான் தேங்கும், வேருக்கு இடமும் குறையும். இப்போது செடியின் அடித்தண்டை இரண்டு விரல் இடுக்கில் பிடித்து, தொட்டியைக் கவிழ்த்து, விளிம்பைத் திண்ணை ஓரத்தில் இரண்டு தட்டு. கட்டியாக வந்துவிடும். புதுத் தொட்டியில் பழைய ஆழத்திலேயே வையுங்கள் (தக்காளி மட்டும் விதிவிலக்கு, தண்டைப் புதைத்தால் அதிலும் வேர் விடும்). மேலே ஒரு இஞ்ச் காலி விட்டு ஓரத்தில் மண் போட்டுத் தட்டிவிடுங்கள். குத்திக் குத்தி அமுக்க வேண்டாம். அடியில் வழியும் வரை தண்ணீர், அப்புறம் ஒரு வாரம் நிழல். ஒரு மாதத்துக்கு வேறு உரம் வேண்டாம்.

அடுத்து எப்போது தண்ணீர் ஊற்றுவது? நர்சரிப் பெரியவர் காட்டிய வித்தை இது: மண் தொட்டியை விரல் முட்டியால் தட்டுங்கள். 'ணங்' என்றால் உள்ளே காய்ந்திருக்கிறது. 'தொப்' என்றால் ஈரம் இருக்கிறது, ஊற்ற வேண்டாம். பிளாஸ்டிக்கில் இது செல்லாது, தூக்கி எடை பார்க்க வேண்டியதுதான்.

தூக்கவே முடியாத 12 இஞ்ச் தொட்டியை எதற்கு மாற்றுவது? வருடம் ஒருமுறை மேலே 2 இஞ்ச் மண்ணைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதுக் கலவை போடுங்கள்.

என்னுடைய அந்தச் சிமென்ட் தொட்டியில் இப்போது ஹைட்ரேஞ்சியா, 6, 8, 10 என்று ஏறி வந்தது. இங்குள்ள புளிப்பு (அமில) மண்ணில் ஊரெல்லாம் நீலமாகப் பூக்கும் செடி அது. என் வீட்டில் மட்டும் ரோஸ் நிறம்: சிமென்ட்டிலிருந்து கசியும் சுண்ணாம்பின் வேலை. பக்கத்து வீட்டு அக்கா ஆசைப்பட்டு ஒரு கிளை கேட்டு வாங்கி, தன் வீட்டுத் தரையில் நட்டிருக்கிறார். அது நீலமாகத்தான் பூக்கும் என்று இன்னும் நான் சொல்லவில்லை.