வேலியில் இருந்து தொடங்குங்கள்: வன்னி வளவில் குருவிக்கும் தேனீக்கும் இடம்

வளவுக்குள் குருவி, தேனீ, வண்ணத்துப்பூச்சி எல்லாம் வரவேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் முதலில் ஓடுவது பூக்கன்று விற்கிற இடத்துக்குத்தான். அங்கே கிடைப்பது போகன்விலாவும் அடுக்குச் செவ்வரத்தையும். பார்க்க வடிவுதான், ஆனால் போகன்விலாவில் நம்மூர்த் தேனீக்குப் பெரிதாக ஒன்றும் கிடைக்காது, அடுக்குப் பூவில் இதழ் பெருத்து வழி அடைத்துக்கொள்ளும். காசை மிச்சம் பிடியுங்கள். வேண்டிய செடியெல்லாம் கிளிநொச்சியில் இருந்து வவுனியா வரைக்கும் ஒழுங்கையோரத்திலேயே நிற்கிறது. இடத்துக்கும் தனியாகத் தோட்டம் தேவையில்லை. உங்கள் வேலி போதும்.

முதலில் இருப்பதைப் பாருங்கள்

ஒரு காலையில் வெயில் ஏற முன்னம் வளவைச் சுற்றி நடந்து, எதில் என்ன வந்து இருக்கிறது என்று பாருங்கள். வேலி மூலையில் எருக்கலை நின்றால் பிடுங்க வேண்டாம். செம்மஞ்சள் நிற வெந்தய வரியன் வண்ணத்துப்பூச்சியின் புழு அதைத்தான் தின்று வளரும். தலை போன பனை நிற்கிறதா? வீட்டின் மேல் விழுகிற தூரத்தில் இல்லையென்றால் தறிக்காதீர்கள், கிளியும் மைனாவும் அந்தப் பொந்துக்குள்தான் குஞ்சு பொரிக்கும். உயிருள்ள பனையின் காவோலையை எல்லாம் ஒரேயடியாக வழித்துவிட்டால் ஓலையின் அடியில் கூடு ஒட்டும் பனை உழவாரனுக்கு இடமில்லாமல் போகும்.

உண்ணிச்செடி பற்றிக் கேட்பார்கள். வண்ணத்துப்பூச்சி அதில் மொய்ப்பது உண்மை. ஆனாலும் வெளியில் இருந்து வந்து காட்டையே மூடுகிற செடி, குருவிகள் அதன் பழத்தைத் தின்று விதையை எங்கும் போட்டுவிடும். நீங்கள் நடுகிற புதுச் செடிகள் பூக்கத் தொடங்கியதும் உண்ணியைக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டி எடுங்கள். பார்த்தீனியத்துக்கு அந்தப் பொறுமை வேண்டாம். பூக்க முன்னமே, கையுறை போட்டு, வேரோடு.

விதைக் கணக்கு: ஆனியில் பொறுக்கி ஐப்பசியில் நடுவது

புதிதாகத் தொடங்குகிறவர்கள் இடறுவது இந்த இடத்தில்தான். வேம்பு, நாவல், இலுப்பை எல்லாம் பழுப்பது கோடையில், நமக்கு மழை வருவதோ ஐப்பசியில். இந்த மூன்றின் விதையும் போத்தலில் போட்டு வைத்தால் முளைக்கும் சக்தி கெதியில் போய்விடும். எனவே பழம் விழுந்ததும் சதையைக் கழுவிவிட்டு அந்தக் கிழமையே பையில் போட வேண்டும். நாற்றுப்பை வாங்கத் தேவையில்லை, பால்மாப் பை காணும், அடியில் நாலு துளை குத்தினால் சரி. மேல்மண், மணல், நன்றாக மக்கிய மாட்டெரு மூன்றும் ஒரே அளவு. கிணற்றடி நிழலில் வைத்து, ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டால் மாரி தொடங்கும்போது கன்று கையில் இருக்கும்.

கொன்றை விதை வேறு மாதிரி. தோல் கல் போல இறுகி இருக்கும். சீமெந்துத் தரையில் ஒரு பக்கம் உரசி, ஓர் இரவு தண்ணீரில் ஊறவிடுங்கள். ஊதிப் பெருத்தவை முளைக்கும், பெருக்காததைத் திரும்ப உரசுங்கள்.

விதை பொறுக்கக் காட்டோரம் போகிறவர்களுக்கு ஒன்று: மண்டையோட்டுக் குறி போட்ட சிவப்புக் கண்ணிவெடிப் பலகை கண்டால் அந்தப் பக்கம் காலே வைக்காதீர்கள், எத்தனை வருடம் ஆகியிருந்தாலும். ஒதுக்குக் காட்டில் கன்று பிடுங்குவதும் வேண்டாம், சட்டப்படி குற்றம். கோயில் வளவிலும் அயல்வீட்டிலும் கேட்டாலே போதுமானது கிடைக்கும்.

கதியால் போடுவது

தகரமும் கொங்கிறீட் தூணும் வந்தபிறகு உயிர்வேலி போடுவது குறைந்துவிட்டது. கம்பி வேலி இருந்தாலும் பரவாயில்லை, அதன் உட்பக்கமாகவே கதியால் நடலாம். கிளுவை, பூவரசு, முள்முருக்கு மூன்றும் தடியில் இருந்தே வேர் பிடிக்கும். மணிக்கட்டுத் தடிப்பில், ஆள் உயரத்துக்கு, முற்றிய கொம்பாகப் பார்த்து வெட்டுங்கள். அடி சரிவாக இருக்கட்டும். இரண்டொரு நாள் நிழலில் சாத்தி வையுங்கள், வெட்டுவாய் காய வேண்டும். பிறகு அலவாங்கால் ஒன்றரை அடி ஆழத்துக்குக் கிடங்கு எடுத்து, தடியை இறக்கி, மண்ணைப் போட்டு மிதித்து இறுக்குங்கள். தடியைச் சுத்தியலால் அடித்து இறக்கினால் அடித்தோல் உரிந்துவிடும், பிறகு வேர் எங்கே வரும்? மேல்நுனியில் கொஞ்சம் சாணி அப்பிவிட்டால் காயாது.

முள்முருக்கு கோடை தொடங்குகிற நேரம் இலை கொட்டிச் சிவப்பாகப் பூக்கும். தேன்சிட்டும் மைனாவும் கொண்டைக்குருவியும் அதில் போடுகிற சண்டையைப் பார்க்கவே நடலாம். பூவரசு வருடம் முழுக்க நாலு பூவாவது வைத்திருக்கும்.

கதியாலுக்கு இடையில் நொச்சி, ஆடாதோடை, ஆவரசு. ஆடு மாடு அவிழ்த்துவிடுகிற ஊரில் ஆடாதோடையை வெளிப்பக்கம் நடுங்கள், வாய் வைக்காது. இடம் இருந்தால் காரையும் கிளாவும் சேருங்கள், முள்ளும் கிடைக்கும் பழமும் கிடைக்கும், புலுனிக் கூட்டம் பருந்தைக் கண்டதும் பாய்ந்து ஒளிக்க அப்படி ஒரு பற்றை தேவை. மேலே ஏற ஒரு கொவ்வைக் கொடி. கார்த்திகைப்பூவும் விடலாம், ஆனால் கிழங்கு கடும் நஞ்சு, சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டில் யோசித்துச் செய்யுங்கள்.

பெரிய மரம் ஒன்றே ஒன்று என்றால் என் தெரிவு நாவல். பாலை நட ஆசை வரும், வன்னியில் பாலைப்பழம் தின்னாமல் யார் வளர்ந்தது, ஆனால் அது வளர்கிற வேகத்துக்குப் பழம் உங்கள் பேரப்பிள்ளைகளுக்குத்தான். ஆலும் அரசும் குருவிக்கு விருந்து, கிணற்றுக்கும் சுவருக்கும் எமன். வளவுக்குள் வேண்டாம்.

புழுவுக்கும் பங்கு

தேசிக்கன்றிலும் கறிவேப்பிலையிலும் குருவி எச்சம் போல கறுப்பு வெள்ளையாக ஒன்று ஒட்டியிருந்தால் கிட்டப் போய்ப் பாருங்கள், அது புழு. வளர்ந்ததும் பச்சையாகும். தொட்டால் தலைக்குப் பின்னால் செம்மஞ்சளாக இரண்டு கொம்பு நீட்டி ஒரு புளித்த நாற்றம் விடும், கடிக்காது. நசுக்கிவிட்டு வண்ணத்துப்பூச்சி வரவில்லை என்று கவலைப்படுகிறோம். கறிக்கு ஒரு மரம், புழுவுக்கு ஒரு மரம் என்று இரண்டாக நடுங்கள்.

மண், சருகு, தண்ணீர்

முற்றத்தைக் கூட்ட வேண்டாம் என்று சொன்னால் அம்மாமார் விடமாட்டார்கள், நானும் சொல்லவில்லை. பாம்புப் பயமும் நியாயமானது. ஆனால் பின்வளவில், வீட்டில் இருந்து தள்ளி, வேலியோரச் சருகைக் கொளுத்தாமல் விடுங்கள். மாரி தொடங்க இந்தியாவில் இருந்து வருகிற ஆறுமணிக் குருவி அந்தச் சருகைக் கிளறித்தான் பூச்சி பொறுக்கும்.

கொஞ்ச நிலம் வெறும் மண்ணாகவும் இருக்கட்டும். நீலக்கோடு போட்ட ஒரு தேனீ மண்ணுக்குள் துளை போட்டுத் தனியாக வாழும். கத்தரிப்பூவின் மகரந்தம் உள்ளே அடைந்திருக்கும், பூவைப் பிடித்து விர்ரென்று அதிர்ந்தால்தான் கொட்டும். அந்த வேலையை இந்தத் தேனீயும் கருவண்டும் செய்யும், கூட்டுத் தேனீக்கு வராது. ஆகவே கத்தரிக்காய் நன்றாகக் காய்க்க வேண்டும் என்பவர்கள் வளவு முழுக்கச் சீமெந்து பூசாதீர்கள், உக்கிய தடி ஒன்றையும் கருவண்டுக்கு விட்டுவையுங்கள்.

சோளகக் காற்று அடிக்கிற மாதங்களில் ஒரு மண்சட்டித் தண்ணீர் பத்துச் செடிக்குச் சமம். இரண்டு விரல் ஆழம், நடுவில் கல். பூனை பதுங்க முடியாத வெளியில் வையுங்கள். இரண்டு நாளுக்கு ஒருமுறை கவிழ்த்துத் தேய்த்து நிரப்புங்கள், இல்லாவிட்டால் நுளம்பு வளர்க்கிறீர்கள்.

புதுக் கன்றுகளுக்கு முதல் கோடைதான் கண்டம். அடியில் வைக்கோல் போட்டு, மேற்குப் பக்கம் பனையோலை மறைப்புக் குத்தி, தினமும் தெளிப்பதை விட்டுக் கிழமைக்கு இரண்டு தரம் ஆழமாக ஊற்றுங்கள். வேலிக்குக் களைகொல்லி வேண்டவே வேண்டாம். பயிருக்கு மருந்து அடித்தே ஆகவேண்டும் என்றால் தேனீ திரும்பிய பிறகு, பொழுதுபடும் நேரம்.

வேலி வெட்டும்போது ஒரு வருடம் ஒரு பக்கம், அடுத்த வருடம் மற்றப் பக்கம். கத்தி வைக்க முன்னம் கிளைகளை விலக்கிக் கூடு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்தத் துண்டை விட்டுவிட்டு, குஞ்சு பறந்த பிறகு வெட்டுங்கள்.