பிரேக்கில் ஸ்ப்ளிட் பின் வளைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சில வருடங்களுக்கு முன்பு, கொல்லிமலையிலிருந்து மரவள்ளிக்கிழங்கு ஏற்றி இறங்கிய லாரி ஒன்று நான் வேலை பார்த்த நாமக்கல் பட்டறைக்கு வந்தது. “அண்ணே, பிரேக் கொஞ்சம் தள்ளித்தான் பிடிக்குது, பாருங்க” என்றார் டிரைவர். மூன்று டிரம் பக்கம் போனாலே அனல் அடித்தது. பின்னால் இடதுபக்க டிரம் மட்டும் சூடே ஏறாமல் இருந்தது. வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தால், காற்றழுத்தத்தால் தள்ளும் பிரேக் சேம்பரின் புஷ் ராடு ஒரு பக்கம், அந்தத் தள்ளலைச் சக்கரத்து பிரேக்குக்குக் கொண்டுபோகும் ஸ்லாக் அட்ஜஸ்டர் ஒரு பக்கம். இரண்டையும் சேர்த்து வைக்கும் கிளெவிஸ் பின் எங்கோ ரோட்டில் விழுந்துவிட்டது. அதைக் காவல் காக்க வேண்டிய ஸ்ப்ளிட் பின், அதாவது துளையில் விட்டு இரண்டு காலையும் வளைத்துவிடும் மடித்த கம்பி, அதற்கு முன்பே போயிருக்கிறது. 70 கொண்டை ஊசி வளைவு உள்ள மலை அது.

டிரைவர் மேல் தப்பில்லை. காற்று பிரேக்கில் இப்படி ஒரு சக்கரம் விட்டுப்போனாலும் காலுக்குப் பெரிதாக ஒன்றும் தெரியாது. பெடல் எப்போதும் போலவே இறங்கும், காற்றும் போகும், சேம்பரும் தள்ளும். அந்தத் தள்ளல் சக்கரத்துக்குப் போய்ச் சேராது, அவ்வளவுதான். எண்ணெய் பிரேக்கில், பெடலுக்கும் எண்ணெயைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டருக்கும் நடுவில் இருக்கும் பின் கழன்றால் நிலைமை இன்னும் மோசம். கால் பிரேக் மொத்தமாகவே போய்விடும். டிரம் பிரேக் பைக்கில், பின்சக்கரத்து பிரேக் தட்டைச் சுற்றவிடாமல் பிடிக்கும் டார்க் ராடு கழன்றால், பிரேக் மிதித்ததும் தட்டு சக்கரத்தோடு சேர்ந்து சுழலப் பார்க்கும், சக்கரம் இறுகிப் பூட்டிக்கொள்ளலாம். இந்த இடங்களில் எல்லாம் காவலுக்கு நிற்பது சில ரூபாய் விலையுள்ள ஒரு மடித்த கம்பி.

அது எதற்காக இருக்கிறது என்பதிலேயே பலருக்குக் குழப்பம். ஸ்ப்ளிட் பின் சுமை தாங்காது. கிளெவிஸ் பின் வெளியே நழுவாமலும், தலையில் பள்ளங்கள் வெட்டிய காசில் நட் திரும்பிக் கழலாமலும் பார்த்துக்கொள்வது மட்டுமே அதன் வேலை. அதனால்தான் அது இளகிய இரும்பில், கையால் வளைகிற மாதிரி செய்யப்படுகிறது. கழற்றும்போது பழைய பின் பாதி அறுந்தோ, நடுவில் தேய்ந்தோ வந்தால், “சரி, புதுசு போட்டுடலாம்” என்று மட்டும் நினைக்காதீர்கள். ஏதோ ஒன்று அதன்மேல் உரசியிருக்கிறது, அல்லது நட் இறுக்கம் விட்டுப்போய் அதன்மேல் சாய்ந்திருக்கிறது. கிளெவிஸ் பின், அது ஓடும் துளையில் இருக்கும் புஷ் (உள்வளையம்), நட் மூன்றையும் பார்த்த பிறகே புதுப் பின்னைக் கையில் எடுக்க வேண்டும். ஸ்ப்ளிட் பின்னைச் சில புத்தகங்களில் காட்டர் பின் என்று எழுதியிருப்பார்கள். நம் ஊர் சைக்கிள் கடையில் காட்டர் பின் என்று கேட்டால் பெடல் கிராங்குக்குப் போடும் ஆப்பைத்தான் தருவார்கள், அது வேறு.

இனி வளைக்கும் கருவி. இரண்டு விதம் பார்த்திருக்கிறேன். ஒன்று, கைப்பிடி போட்ட ஒரு சாண் கம்பி, நுனியில் ஒரு வெட்டு. பின்னின் காலை அந்த வெட்டுக்குள் விட்டுத் திருப்பினால் வளையும். இன்னொன்று பிளேயர் மாதிரி. மூக்கை இரண்டு காலுக்கும் நடுவில் விட்டு அழுத்தினால் கால்களை விரித்துக் கொடுக்கும். முதல் வகையைப் பட்டறைக்காரர்களே செய்துகொள்வதும் உண்டு. அங்கேதான் முதல் தவறு நடக்கிறது. வெட்டின் விளிம்பை அரத்தால் உருட்டாமல், கூர்மையாகவே விட்டுவிடுகிறார்கள். கூர் விளிம்பு வளைகிற இடத்திலேயே காலில் ஒரு கோடு கீறும். முலாம் உரியும், துரு அங்கிருந்து தொடங்கும், விரிசலும் அங்கேயே விழும். கருவி எவ்வளவு பழசானாலும் பரவாயில்லை, விளிம்பு மட்டும் விரலால் தடவினால் வழுவழுவென்று இருக்க வேண்டும். வெட்டு அகன்று போயிருந்தால் கால் உள்ளே சாய்ந்து முறுக்கிக்கொள்ளும். அந்தக் கருவியை ஓரமாக வைத்துவிடுங்கள்.

கருவியே இல்லாமல் கட்டிங் பிளேயரால் வளைப்பதும் இதே தவறுதான், கொஞ்சம் பெரிய அளவில். வெட்டும் வாயால் பிடித்து இழுக்கும்போது காலில் விழும் தழும்பை எல்லாரும் பார்த்திருப்போம். பாதி வெட்டிய கம்பியைத்தான் பிரேக்குக்குக் காவல் வைக்கிறோம்.

ஆனால் நல்ல கருவியை வைத்துக்கொண்டும் அதிகம் பேர் செய்யும் தவறு வேறு. காலின் நுனியைப் பிடித்து வளைப்பது. பார்க்க அழகாகக் கொக்கி மாதிரி சுருண்டிருக்கும். ஆனால் துளைக்கு வெளியே வரும் இடத்தில் கால் நேராகவே நிற்கும். பின் துளைக்குள் முன்னும் பின்னும் ஆடும். லாரி ஓடும்போது ஒவ்வொரு அதிர்வுக்கும் அது துளையின் விளிம்பில் அடிபட்டுத் தேயும். வளைவு தொடங்க வேண்டிய இடம் துளையின் வாய். முதலில் பின்னின் கண்ணை, அதாவது மடிப்பில் இருக்கும் வளையத்தை, உள்ளே நன்றாக அமர்த்துங்கள். காசில் நட்டாக இருந்தால் கண் நட்டின் பள்ளத்துக்குள் உட்கார வேண்டும், தேவைப்பட்டால் சுத்தியலால் மெல்ல ஒரு தட்டு. பெருவிரலால் கண்ணை அழுத்திப் பிடித்துக்கொண்டு, கருவியைக் காலின் அடிவரை தள்ளி, நிதானமாக ஒரே திருப்பில் வளையுங்கள்.

அடியிலிருந்து வளைக்கச் சொன்னதும் சிலர் மூலை மடித்ததுபோல் மடக்கிவிடுவார்கள். அதுவும் கூடாது. அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகத்தின் பராமரிப்புச் சுற்றறிக்கையில் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறார்கள்: காலை ஓரளவு வட்டமாகவே வளைக்க வேண்டும், கூர்மையான மடிப்பு உடைவில் முடியும். போல்ட்டின் முனைமேல் மடிக்கும் கால் போல்ட்டின் விட்டத்தைத் தாண்டி நீட்டக் கூடாது, கீழே மடிக்கும் கால் வாஷரில் போய் உட்காரக் கூடாது என்பதும் அதில் உண்டு. லாரிக்கும் இதைவிட நல்ல வழிகாட்டல் எனக்குத் தெரியவில்லை. காசில் நட்டில் நீளமான கால் போல்ட்டின் முனைமேல், குட்டையான கால் நட்டின் பக்கவாட்டில். கிளெவிஸ் பின்னில் இரண்டு காலும் எதிரெதிர்ப் பக்கமாக விரிந்து, பின்னின் உருளையை ஒட்டி. நடுவில் உளி வைத்து ஓங்கி அடித்தால் ஒரு கால் முழுதாக மடங்கும், மற்றது அசையாமல் நிற்கும்.

பழைய பின்னை நிமிர்த்தி மறுபடி போடுவதைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் தகும். இரும்பு ஒருமுறை வளைந்தால் அந்த இடம் இறுகிவிடும். நிமிர்த்தும்போது இன்னும் இறுகும். மூன்றாவது வளைவில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழலாம். அந்தக் கொல்லிமலை லாரியின் மறுபக்கத்துப் பின்னைக் கழற்றியபோது வளைவில் முடி மாதிரி ஒரு கோடு இருந்தது. விரலால் லேசாகத் திருப்பினேன், கால் கையோடு வந்தது. யாரோ நிமிர்த்திப் போட்டிருக்கிறார்கள். வளைத்தது சரியில்லை என்று பட்டால்கூட, திருத்திக்கொண்டிருக்காமல் புதுசு எடுத்துவிடுங்கள்.

அளவு விஷயத்தில் ஒரு சின்னக் குழப்பம் உண்டு. ஸ்ப்ளிட் பின்னுக்குச் சொல்லும் அளவு துளையின் அளவு. ஐஎஸ்ஓ 1234 தரத்தின்படி 4 மி.மீ. பின்னை அளந்தால் 3.5 முதல் 3.7 மி.மீ. வரைதான் இருக்கும். 3.2 மி.மீ. பின் 2.9 மி.மீ.க்கு மேல் வராது. வெர்னியரில் பின்னை அளந்து, “இது 3.7தானே, துளை 4 இருக்கே” என்று ஒரு சைஸ் பெரியதை அடித்து ஏற்றுபவர்களும் உண்டு, தளர்வாக இருக்கட்டும் என்று ஒரு சைஸ் சின்னதைப் போடுபவர்களும் உண்டு. துளையை அளந்து, அந்த எண்ணைச் சொல்லி வாங்குங்கள். ஆணியோ, கட்டுக்கம்பியோ, வெல்டிங் ராடு துண்டோ ஒருபோதும் வேண்டாம்.

போல்ட்டின் துளையும் காசில் நட்டின் பள்ளமும் நேராக வராதபோது நட்டை என்ன செய்வது என்பது அடுத்து. இறுக்கிப் பிடிக்க வேண்டிய மூட்டாக இருந்தால், டார்க் ராடு போல, குறித்த இறுக்கம் வரை கட்டிவிட்டு அடுத்த பள்ளம் வரும்வரை இன்னும் கொஞ்சம் இறுக்க வேண்டும், தளர்த்தக் கூடாது. வீல் பேரிங் நட் இதற்கு எதிர். அங்கே கூடுதல் இறுக்கம் பேரிங்கைச் சூடாக்கிவிடும். அதனால் தயாரிப்பாளர் சொன்ன முறையில் சற்றுப் பின்வாங்கிப் பள்ளத்தைச் சேர்ப்பது வழக்கம். இரண்டையும் ஒரே கையால் ஒரே மாதிரி செய்வதால்தான் சிக்கல்.

கிளெவிஸ் பின் செங்குத்தாகப் போகும் இடங்களில் தலையை மேலே வைத்துப் போடுங்கள். ஸ்ப்ளிட் பின் போனாலும் அது தன் எடையால் அங்கேயே தங்கும். தலைகீழாகப் போட்டால் அடுத்த குழியிலேயே விழும்.

இதையெல்லாம் தொடும் முன் ஒன்று. ஸ்பிரிங் பிரேக் (காற்று இல்லாதபோது ஸ்பிரிங் விசையால் பிடிப்பது) உள்ள வண்டியில் பார்க்கிங் பிரேக் போட்டிருக்கும்போது புஷ் ராடு முழு விசையோடு தள்ளிக்கொண்டிருக்கும். சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, காற்று ஏற்றி, பார்க்கிங்கை விடுவித்த பிறகே கிளெவிஸ் பின்னில் கை வைக்க வேண்டும். காற்று ஏறாவிட்டால் சேம்பருக்கு உரிய போல்ட்டால் ஸ்பிரிங்கைப் பூட்டிவிட்டு வேலை செய்யுங்கள். அந்தச் சேம்பரின் ஸ்பிரிங் பகுதியை மட்டும் எந்தக் காரணத்துக்கும் பிரிக்காதீர்கள், ஆளையே கொன்றுவிடும்.

வளைத்து முடித்ததும் மிச்சம் நீட்டும் காலை வெட்டும்போது துண்டு துப்பாக்கி ரவை மாதிரி பறக்கும். கண்ணாடி போட்டுக்கொண்டு, இன்னொரு கையால் மூடிக்கொண்டு வெட்டுங்கள். டிரம்முக்குள் வேலை என்றால் அந்தத் துண்டைத் தேடி எடுக்காமல் டிரம்மை மூடாதீர்கள், லைனிங்கில் சிக்கினால் டிரம் முழுக்கக் கோடு போட்டுவிடும். அப்புறம் வளைத்த காலை விரலால் பிடித்து ஆட்டிப் பாருங்கள், ஆடக் கூடாது. ஹப் என்றால் டஸ்ட் கேப் மாட்டி, சக்கரத்தைக் கையால் சுற்றி, கால் எங்காவது உரசுகிற சத்தம் வருகிறதா என்று காது கொடுங்கள். கடைசியாக ஒருவரை மேலே உட்காரவைத்து பிரேக்கை மிதிக்கச் சொல்லி, சக்கரம் சக்கரமாகப் புஷ் ராடும் ஸ்லாக் அட்ஜஸ்டரும் சேர்ந்து நகர்வதைக் கண்ணால் பார்த்த பிறகு வண்டியை அனுப்புங்கள்.